கடிகாரத்தின் முகம்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. அழகர்மலை அடிவாரத்தில் உள்ள எங்கள் கிளைக் கிராமம் ஒன்றில் இயேசுவின் திரு இருதயப் பக்திமுயற்சியை முடித்துவிட்டு, ஆலயத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மலை முகட்டில் வெளிச்சம் இன்னும் சிறிது மீந்திருந்தது. மக்கள் ஒவ்வொருவராகக் கலைந்து சென்ற பின்னும் ஒரு பெண்மணி மட்டும் தூணருகே தயங்கி நின்றார்.

"தோத்திரம் சாமி. என்னயத் தெரியுதா? கார்டு வீட்டுப் பேத்தி."

தெரிந்தது. பல பங்குகளைச் சுற்றிவிட்டு, நான் இளங்குருவாக இருந்த அதே பகுதிக்குப் பங்குத்தந்தையாக மீண்டும் மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு துணிப்பொட்டலத்தை என் முன் விரித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று பார்க்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பழைய பாக்கெட் கடிகாரம்.

"மகளுக்கு நர்சிங் படிக்க எடம் கெடச்சிருக்கு சாமி. மொத வருசப் பணம் கட்டணும். இதப் படம் எடுத்து போன்ல போட்டோம். மெட்ராசுலருந்து ஒரு ஐயா வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. நல்ல வெலதான் சொல்றாரு. ஆனா, 'இது கார்டு வச்சிருந்த கடியாரந்தான், எதையும் மாத்தலன்னு தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா நல்லது'ங்கிறாரு. தாத்தா காலத்துலருந்து இதப் பாத்தவங்க நீங்கதான். நீங்க எழுதிக் குடுத்தாப் போதும் சாமி. பதினெட்டாம்படியில சத்தியம் பண்ணுன மாதிரி."

இந்த வட்டாரத்தைச் சேராத வாசகர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் விளங்காமல் போகலாம். கள்ளழகர் கோவிலின் கோபுர வாசலுக்குப் பதினெட்டாம்படி வாசல் என்று பெயர். அங்கே காவல் நிற்கும் கருப்பணசாமிக்கு உருவச்சிலை இல்லை. சந்தனம் பூசிய பெருங்கதவுகளையே மக்கள் வணங்குகிறார்கள். கொடுக்கல் வாங்கலில் பூசலா, களவா, நிலத்தகராறா, அக்கதவின் முன் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவருடைய நகைகளின் கணக்கையும் அங்கே வாசித்துக் காட்டுவது மரபு என்பார்கள். கோவிலுக்கு உரியவரே ஆனாலும் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டவேண்டும்! அந்தக் கதவின் முன் பொய் சொல்ல இப்பகுதியில் எச்சமயத்தவருக்கும் துணிவு வருவதில்லை. நம் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் தம் பங்குத்தந்தையின் கையெழுத்தை அதற்கு இணையாக வைத்துப் பேசினார்.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஏனெனில், அந்தக் கடிகாரத்தின் முகத்தை மாற்றியவனே நான்தான்.

அது 1996-ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்ற புதிது. உதவிப் பங்குத்தந்தையாக இக்கிராமங்களுக்கு வாரந்தோறும் வருவேன். அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய தந்தை தென்னிந்திய இரயில்வேயில் கார்டாகப் பணியாற்றியவர். அதனால் மகனையும் ஊரார் 'கார்டு வீட்டுப் பெரியவர்' என்றே அழைத்தனர். தந்தை விட்டுச் சென்ற சொத்துகளில் அவரிடம் எஞ்சியிருந்தவை ஒரு செபமாலையும் இந்தக் கடிகாரமுந்தான்.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. அதுவரை நம் சமவெளி மக்களுக்கு நேரம் என்றால் நிழலின் நீளமும், கோவில் மணியும், நம் ஆலயங்களில் ஒலிக்கும் மூவேளைச் செபத்தின் மணியுந்தாம். நிமிடம் என்பதை ஊருக்குள் கொண்டுவந்தது இரயில். 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் நேரத்தையே இந்திய இரயில்வேக்கள் நெடுங்காலம் பொது நேரமாகக் கொண்டிருந்தன. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, அது சென்னை நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முன்னே நின்றது. அந்த ஒன்பது நிமிடத்தைத் தம் தந்தையின் தலைமுறை எப்படிப் பழகிக்கொண்டது என்பதைப் பெரியவர் ஒரு கதைபோலச் சொல்வார். இரயில்வேயில் நிமிடத் தவறு உயிர்களோடு தொடர்புடையது. கார்டின் சட்டைப்பையில் இருந்த கடிகாரத்தை அணிகலன் என்று யாரும் எண்ணியதில்லை.

1886 முதல் பம்பாயிலும், பின்னர் கல்கத்தாவிலும் வணிகம் செய்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, சுவிட்சர்லாந்தில் செய்வித்துத் தன் பெயரைப் பொறித்து இங்கே விற்ற கடிகாரங்களுள் ஒன்று அது. பின்மூடியில் இரயில்வேயின் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. வெண்ணிற டயலில் கம்பெனியின் பெயரும், அதன் கீழே மிகச் சிறிய எழுத்துகளில் பம்பாய், கல்கத்தா என்ற இரு நகரங்களின் பெயர்களும் இருந்தன. எண்கள் உரோமானிய முறையில் அமைந்தவை.

ஓடாமல் நின்றுவிட்ட அந்தக் கடிகாரத்தை மதுரையில் கொடுத்துச் சுத்தம் செய்து தரும்படி பெரியவர் என்னிடம் ஒப்படைத்தார். அன்றிரவு என் அறையில், ஆர்வ மிகுதியால் அதன் கண்ணாடி மூடியைத் திறந்து பார்த்தேன். கை தவறியது. சிமெண்டுத் தரையில் அது விழுந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. டயலில் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அங்கிருந்து நடுத்துளைவரை ஒரு மயிரிழை விரிசல் ஓடியது.

மறுநாள் மதுரையில், ஒரு சந்துக்குள் இருந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "பீங்கான் டயல் ஒட்டாது ஃபாதர். இதே மாதிரி வேற டயல் போட்டுறலாம். பாத்தா யாருக்கும் தெரியாது" என்றார். 'யாருக்கும் தெரியாது' என்ற அந்தச் சொல் எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! புது டயலைப் பொருத்தி, உடைந்ததைத் தாளில் மடித்துக் கொடுத்தார். அதை ஒரு சிறு தகர டப்பாவில் போட்டு வைத்தேன்.

கடிகாரத்தை வாங்கிப் பார்த்த பெரியவரின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! எங்கய்யா காலத்துலகூட இப்பிடி மின்னல சாமி!"

"நன்றாகத் துடைத்திருக்கிறார்கள்" என்றேன். மூன்று நொடிப் பொய். அவர் ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தனுப்பினார். குற்ற உணர்வால் அவை கசந்தன என்று எழுத ஆசைதான். ஆனால், பழங்கள் நன்றாகவே இருந்தன.

சில மாதங்களுக்குப் பின் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னேன். உரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுமாறு என் ஆன்ம குரு அறிவுறுத்தினார். சொல்லத்தான் நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். மாற்றல் வந்தது. 2003-இல் பெரியவர் இறந்த செய்தி வேறொரு பங்கில் எனக்குக் கிடைத்தது. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். கடனும் அவரோடு புதைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். குருமடத்தில் அறநெறி இறையியல் பாடத்தில் படித்ததை நான் மறந்துவிடவில்லை, மறந்துவிட விரும்பினேன். இழப்பை ஈடுசெய்யும் கடமை, உரியவர் இறந்தால் அவருடைய வாரிசுகளை நோக்கித் திரும்புகிறது. நீதிக்கும் உண்மைக்கும் எதிரான குற்றம் மன்னிக்கப்பட்டாலும் அதை ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்பதே 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலின் போதனையும் ஆகும் (எண் 2487).

உறுத்தல் வேறொரு வடிவில் என்னைத் தொடர்ந்தது. எந்த ஊருக்கு மாற்றலானாலும் அங்குள்ள வாட்ச் ரிப்பேர் கடையில் போய் உட்காரும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. உடன் குருக்கள் கேலி செய்வார்கள். "நம் புனித சவேரியார் 1551-இல் சப்பான் நாட்டு யாமகுச்சியின் ஆட்சியாளருக்குக் கடிகாரத்தைத்தானே பரிசளித்தார்? 1601-இல் பீகிங் சென்ற மத்தேயு ரிச்சி சீனப் பேரரசருக்குக் கொண்டுபோனவற்றில் தானே மணியடிக்கும் கடிகாரங்களும் உண்டே!" என்று வரலாற்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மைக் காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதுவும் நான் பொருத்திக்கொண்ட ஒரு புது டயல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கடைகளில் கற்றவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டனார் காலத்துக் கடிகாரம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு அது பயன்படக்கூடும்.

நாம் பீங்கான் டயல் என்று சொல்வது உண்மையில் கண்ணாடிப் பூச்சு. மெல்லிய செம்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் சூளையில் உருக்குவார்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் ஆறும்போது தகடு வளைந்துவிடும். எனவே பின்பக்கமும் பூசுவார்கள். எண்களையும் எழுத்துகளையும் அதற்குரிய மையால் பதித்து மீண்டும் சூளையில் இடுவார்கள். நெருப்பில் பதிந்த எழுத்து நூறாண்டுகள் ஆனாலும் மங்குவதில்லை. இதனால்தான் உண்மையான பழைய டயல், பெட்டி தேய்ந்து நிறம் மாறிய பின்னும் வெண்மை மாறாமல் இருக்கிறது. பளிச்சென்று இருப்பதனாலேயே ஒன்றைப் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவசரக்காரர்கள் ஏமாறும் முதல் இடம் இதுவே.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் நடுத்துளையின் விளிம்பு. உருகிய கண்ணாடி துளையின் ஓரத்தில் நீர்த்துளிபோல் சற்றே உருண்டு நிற்கும். தகட்டில் வண்ணம் பூசி அச்சிட்ட மாற்று டயலில் அந்த விளிம்பு வெட்டியது போலிருக்கும். அடுத்து, விரிசல். கண்ணாடி வெடித்தால் மயிரிழைக் கோடு விழும். சில்லு பெயர்ந்தால் செம்பு தெரியும். வண்ணப்பூச்சோ கொப்புளித்து உரியும். கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியால் எழுத்துகளை நோக்கினால், பழையவற்றில் கோடு முழுமையாகவும் கூர்மையாகவும் இருக்கும். தாளில் அச்சிட்டு ஒட்டியவற்றில் அது சிறுசிறு புள்ளிகளாகச் சிதறிக் காணும்.

மூன்றாவதாக, நொடிமுள். பழைய பாக்கெட் கடிகாரங்கள் பலவற்றில் ஆறு என்ற எண்ணின் இடத்தில் நொடிக்கென்று ஒரு சிறு வட்டம் இருக்கும். நொடிமுள்ளின் அச்சு அவ்வட்டத்தின் நட்ட நடுவில் நிற்கவேண்டும். வேறோர் இயந்திரத்துக்காகச் செய்த டயலை மாட்டினால் முள் ஓரம் சாய்ந்து, சிறுவட்டத்தை நொண்டிக்கொண்டு சுற்றும். நான்காவதாக, எண்கள். உரோமானிய எண் டயல்களில் நான்கு என்பதைப் பெரும்பாலும் நான்கு நேர்கோடுகளாகவே பழைய கைவினைஞர்கள் எழுதினார்கள். புத்தகத்தில் படித்த முறையில், ஐந்துக்கு முன் ஒரு கோடிட்டு எழுதியிருந்தால் சற்று ஐயத்தோடு நோக்கவேண்டும். ஐயத்துக்கு மட்டுமே அது போதும், தீர்ப்புக்குப் போதாது.

"மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாதீங்க சாமி, முதுகத் திருப்பிப் பாருங்க" என்று ஒரு முதிய கைவினைஞர் எனக்குச் சொன்னார். முள்களைக் கழற்றி, ஓரத்துத் திருகாணிகளைத் தளர்த்தினால் டயல் கையோடு வந்துவிடும். அசலுக்குப் பின்பக்கமும் கண்ணாடிப் பூச்சு இருக்கும். செம்பாலான இரண்டோ மூன்றோ சிறு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அக்கால்கள் இயந்திரத்தின் தகட்டில் உள்ள துளைகளில் சரியாக இறங்கும். மாற்று டயலிலோ கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டியிருப்பார்கள். இயந்திரத் தகட்டின் துளைகள் மட்டும் வெறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும். டயல் எதைச் சொன்னாலும் அந்த வெற்றுத் துளைகள் பொய் சொல்வதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். டயலை மாற்றுவது பாவமன்று. உடைந்துபோனதற்கு மாற்று கிடைக்காதபோது, கடிகாரம் ஓடவேண்டுமே என்று புதியதைப் பொருத்துவது நேர்மையான தொழில். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்களின் இயந்திரங்களுக்குப் பகட்டான புது டயல்களை மாட்டி விற்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். 'டயல் புதிது' என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. புதியதைப் பழையதென்று சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான் வஞ்சகம் நுழைகிறது. என் விவகாரத்திலும் கடிகாரம் கீழே விழுந்தது விபத்து. மாற்று டயல் பொருத்தியது பழுதுபார்ப்பு. "நன்றாகத் துடைத்திருக்கிறார்கள்" என்றது பொய்.

மீண்டும் அந்த ஜூன் மாத இரவுக்கு வருகிறேன். கடிதத்தை மறுநாள் தருவதாகச் சொல்லி அப்பெண்மணியை அனுப்பிவிட்டு, கடிகாரத்தை என் மேசை விளக்கின் கீழ் வைத்தேன். இத்தனை ஆண்டுகள் கற்ற அடையாளங்கள் அனைத்தும் அதில் வரிசையாக நின்றன. நொடிமுள் சற்றே ஓரம் சாய்ந்து சுற்றியது. நான்கு என்ற எண் தவறான முறையில் இருந்தது. கம்பெனியின் பெயர் இருந்தது. இரு நகரங்களின் பெயர்களைக் காணவில்லை. இருபத்தெட்டு வயதில் என் கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் இப்போது ஒரே பார்வையில் தெரிந்தன.

தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். 'இக்கடிகாரத்தை நான் 1996 முதல் அறிவேன். இது தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய கார்டு ஒருவரின் குடும்பத்துக்கு உரியது. இதன் இயந்திரமும் பெட்டியும் அவர் பயன்படுத்தியவையே.' நிறுத்தினேன். மூன்று வாக்கியங்களிலும் பொய்யில்லை. இங்கேயே கையெழுத்திட்டால் யாரும் என்னைக் குறைகூற முடியாது. வாங்குபவர் டயலைப் பற்றித் தாமே முடிவுசெய்துகொள்வார். அந்தப் பெண்ணின் படிப்புக்குப் பணம் கிடைக்கும். யாருக்கு நட்டம்?

குருமடத்து வகுப்பறை நினைவுக்கு வந்தது. சொல்லின் ஒரு பகுதியை மனத்துக்குள் ஒளித்துக்கொண்டு, கேட்பவரை ஏமாறவிடும் தந்திரத்தை ஒருகாலத்தில் சில அறிஞர்கள் நியாயப்படுத்தினார்கள். 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் அப்போதனையைக் கண்டித்தார். தேர்வில் இதற்கு நான் நல்ல மதிப்பெண் பெற்றவன். அன்றிரவு என் கையாலேயே அத்தந்திரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சில்லு பெயர்ந்த டயலின் மேல் அச்சிட்ட டயல்! வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது (மத் 23:27) பரிசேயருக்கு மட்டுமென்று எண்ணி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன்!

தாளைக் கிழித்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து தகர டப்பாவைத் தேடி எடுத்தேன். ஏழு பங்குகள் என்னோடு பயணம் செய்த டப்பா. தூக்கி எறிய மனம் வரவில்லை. திறந்து பார்க்கவும் துணிவு வந்ததில்லை. தாளுக்குள் டயல் அப்படியே இருந்தது. மயிரிழை விரிசலும், பெயர்ந்த சில்லும், நான்கு நேர்கோடுகளில் ஒன்றரைக் கோடு போக எஞ்சியதும், பம்பாயும் கல்கத்தாவும். வெண்மை சிறிதும் மங்கவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கே சென்றேன். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது. பின்பு கேட்டார்:

"இத்தன வருசமா ஏன் சாமி சொல்லல?"

"பயம் அம்மா."

"தாத்தா ஒங்கள அடிச்சிருக்கவா போறாரு?"

பதில் இல்லை. அவர் அடித்திருக்கமாட்டார். ஒருவேளை வருந்தியிருப்பார், பிறகு ஒரு பை மாம்பழம் கொடுத்தனுப்பியிருப்பார். நான் அஞ்சியது அவரை அல்லவே. 'சாமி தவறமாட்டார்' என்று ஊர் எனக்கு மாட்டியிருந்த முகத்துக்கு ஒரு கீறல் விழுமே என்றுதான் அஞ்சினேன்.

"இப்ப வெல கொறஞ்சிருமா?" என்றார் அவர் அடுத்து. பிள்ளைக்குக் கட்டணம் கட்டவேண்டிய தாய்க்கு அதுதானே முதன்மையான கேள்வி. "குறையலாம் அம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் சென்னை நண்பர் வந்தார். கடிகாரத்தை அவர் கையில் எடுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் வியப்படையவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தை என்னிடம் காட்டினார். ஊசியால் கீறியது போன்ற நுண்ணிய எழுத்துகள் நான்கைந்து வரிசை இருந்தன. பழுதுபார்ப்பவர்கள் தங்கள் வேலையின் அடையாளமாக அங்கே தேதியையோ எண்ணையோ கீறிவைப்பது வழக்கம். கடைசி வரிசையில் '96' என்றிருந்தது. யாருக்கும் தெரியாது என்று நான் நம்பிய செய்தி, இத்தனை ஆண்டுகளும் அந்த மூடிக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடந்தது!

அவர் புது டயலைக் கழற்றினார். பின்னால் பசை காய்ந்திருந்தது. உடைந்த டயலை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தார். செம்புக் கால்கள் தம் துளைகளில் இறங்கின. நொடிமுள்ளைப் பொருத்தியதும் அது தன் வட்டத்தின் நடுவில் நேராகச் சுற்றத் தொடங்கியது. "விரிசலோட இருந்தாலும் இதுதான் ஃபாதர் வேணும். ஒடஞ்சிருந்தாலும் இது இதோடதுதானே" என்றார்.

முழுதாக இருந்திருந்தால் தருவதாகச் சொன்ன விலையைவிட ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். அது நியாயமே. குறைந்த தொகையை என் சொந்தச் சேமிப்பிலிருந்து அப்பெண்மணியிடம் கொடுத்தேன். ஆலயப் பணத்தையோ ஏழைகளுக்கான நிதியையோ தொடவில்லை. "சாமி காசு எனக்கு வேணாம்" என்று பின்வாங்கினார். "இது தர்மம் இல்லை அம்மா. நான் உங்கள் தாத்தாவுக்குப் பட்ட கடன்" என்றேன். சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கி, இருமுறை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார். அவர் எண்ணியது எனக்கு ஆறுதலாக இருந்தது. தர்மமாக வந்ததை யாரும் எண்ணிச் சரிபார்ப்பதில்லை. கடனைத்தான் எண்ணி வாங்குவார்கள்.

கடிதமும் எழுதிக் கொடுத்தேன். முன்பு எழுதிய அதே மூன்று வாக்கியங்கள். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: '1996-இல் என் கையிலிருந்து விழுந்து இதன் டயல் உடைந்தது, அதை மறைத்து வேறு டயல் பொருத்தச் செய்தவன் நான், உடைந்த அசல் டயல் இத்துடன் உள்ளது.' அதன் கீழே கையெழுத்திட்டேன். பதினெட்டாம்படி வாசலில் வைத்துக் கேட்டாலும் அதைச் சொல்லமுடியும்.

அன்பு வாசகர்களே, ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய பாவங்களைக் கேட்பவன் நான். இறைவன் மன்னிக்கிறார் என்று சொல்லும் அதிகாரம் எனக்குத் திருச்சபையால் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால், மன்னிப்புப் பெற்றபின் எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் வேலை ஒன்று மீந்திருக்கிறது. அதை எனக்காக எந்தக் குருவும் செய்யமுடியாது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கியவுடன் கணக்குப் போட்டார் (லூக் 19:8). எனக்கு இறங்கிவர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இவ்வாண்டு சித்திரைத் திருவிழாவில் எங்கள் சாலை வழியே அழகர் மதுரைக்குப் புறப்பட்டுச் சென்றார். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு நேரந்தவறி வந்தவர் என்று மக்கள் அவரைப் பற்றி அன்போடு கதை சொல்கிறார்கள். தாமதமாக வந்தவரை வழிநெடுக எதிர்கொண்டு வரவேற்கவும் செய்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஆலய வாசலில் நின்றபோது, தாமதமாக வந்த உண்மைக்கு அத்தகைய வரவேற்பைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வந்து சேர்ந்ததே அருள்.

கழற்றிய புது டயல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நன்றாகத்தான் மின்னுகிறது. அந்தப் பெண் முதலாண்டுப் படிப்பை முடித்துவிட்டாள். தாய் வாரந்தோறும் திருப்பலிக்கு வருகிறார். வெளியே வரும்போது பழையபடியே "தோத்திரம் சாமி" என்கிறார். அது பழைய குரல்தானா என்று ஒவ்வொரு ஞாயிறும் உற்றுக் கேட்கிறேன்.